சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்

வழக்கம்போல நீளமான பதிவுதான். நேரம் இருக்கும்போது வாசியுங்கள். பழைய கார், பழைய பைக், பழைய மோட்டார் பம்ப் என்று எதையாவது வீட்டில் வைத்துக்கொண்டு, 'அது திடீர் திடீர்னு நிக்குது' என்று புலம்புகிறவர்களுக்கு இது பயன்படும். முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் எழுதுவது என்பதால் நடுவில் கொஞ்சம் பாடமும் வரும். என்னிடம் படித்தவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

விஷயம் என் அக்கா வீட்டுக்காரருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்.

இளைய தலைமுறைக்கு ஹெரால்டு என்றால் தெரியாது. எங்கள் காலத்தில் ரோட்டில் மூன்று கார்கள்தான். அம்பாசிடர் கல்கத்தாவிலிருந்து வரும், ஃபியட் பம்பாயிலிருந்து வரும், ஹெரால்டு நம்ம மெட்ராஸிலிருந்து வரும். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் அதைச் செய்தது. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு. 1959-இல் வந்தது. உருவம் வரைந்தவர் ஜியோவன்னி மிச்செலோட்டி என்ற இத்தாலியர். அந்த ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே மிச்செலோட்டி வரைந்த இரண்டு சீட் உடம்பை மேலே வைத்து 1962-இல் விட்டார்கள். அதுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1980 வரை ஓடிய பெயர் பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினும் ஒரே குடும்பம்தான். ஹெரால்டில் 948 சி.சி. அதையே பெரிதாக்கி 1147 சி.சி. ஆக்கி ஸ்பிட்ஃபயரில் வைத்தார்கள். ஆகையால், பூதப்பாண்டியில் தென்னை ஓலைக் கொட்டகையில் நிற்கிற அத்தானின் கார், லண்டனில் கூரை இல்லாமல் பறக்கிற ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொந்தச் சித்தப்பா மகன். அத்தான் இதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான், நான்கு கதவு வைத்தது நம்ம ஊர்க்காரன் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

இன்னொரு விசேஷம், பானெட். மற்ற கார்களில் மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழ்ந்துவிடும். எஞ்சின் மொத்தமும் கண் முன்னால். முன் டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். படிக்க விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல கார் கிடையாது.

அத்தான் இதை 1976-இல் இரண்டாம் கையாக வாங்கினார். அக்காவின் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனது இதில்தான். என் அம்மாவைக் கடைசியாகக் கூட்டிப்போனதும் இதில்தான். இப்போது அத்தானுக்கு எண்பத்தொன்று. கண் சரியில்லாததால் ஓட்டுவதில்லை. மகள் ஓட்டுவாள், இவர் பின்சீட்டில் உட்கார்ந்து சத்தம் கேட்டபடி வருவார். 'மூணாவது போட நேரமாச்சு மக்ளே' என்று பின்னாலிருந்து குரல் வரும். முட்டுவலியால் புதுக் கார்களில் குனிந்து ஏறுவது அவருக்கு முடியாது. இந்தச் சீட்டில் மட்டும் வலிக்காமல் உட்காருகிறார். அதனால் கோவிலோ கல்யாண வீடோ டாக்டரோ, வெளியே போனால் இதில்தான்.

போன வருஷக் கடைசியில் கார் நிற்க ஆரம்பித்தது. காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். அரைமணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுவிடும். இருபது நிமிஷம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஸ்டார்ட் ஆகும். ஒருநாள் வடசேரி நெரிசலில் நின்றது. இன்னொரு நாள் ஒரு கல்யாண மண்டப வாசலில், மாப்பிள்ளை வண்டியை மறித்துக்கொண்டு நின்றது. அதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். மூன்றாவது தடவை ரயில்வே கேட்டில், தண்டவாளத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. உள்ளே அக்காவும் அத்தானும். கேட் கீப்பரும் பின்னால் வந்த டெம்போக்காரர்களும் ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். ரயில் வர நேரம் இருந்தது. ஆனால் அக்கா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

"இந்தச் சவத்த வித்துப்போட்டு ஒரு ஆட்டோவ வச்சுப் போனா போராதா?" என்றாள். மஸ்கட்டிலிருக்கும் மகன் போனில் அதையேதான் சொன்னான். "மாமா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. எடைக்குப் போட்டாக்கூட பரவாயில்ல. மனுஷன்தான் முக்கியம்." அவன் சொன்னதில் தப்பு கிடையாது. பழைய இரும்பு எடுக்கிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பத்து நாளில் பதில் சொல்வதாக ஏற்பாடு.

நான் போனபோது அத்தான் திண்ணையில் இருந்தார். விற்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்.

"மாப்ளே, வண்டிக்கு வயசாயிட்டுன்னு சொல்லுகானுவ. எனக்குந்தான் ஆயிட்டு. வயசாச்சுங்கது ஒரு வியாதியாடே? என்ன கோளாறுன்னு சொல்லச் சொல்லு. அதுக்கு அப்புறம் விக்கணும்னா விப்போம்."

அந்தக் கேள்வி எனக்கு நியாயமாகப் பட்டது. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் மயங்கி விழுந்தாலும் 'வயசாச்சுல்லா' என்று சொல்லிவிட்டு மேலே பார்க்காமல் விட்டுவிடுகிறோம். காரணம் தேட வேண்டிய இடத்தில் வயதைச் சொல்லி முடித்துவிடுவது சுலபம். எனக்கு அந்தப் பத்து நாள் வேலை கிடைத்தது அப்படித்தான்.

முதலில் இதுவரை என்னென்ன மாற்றினார்கள் என்று கேட்டேன். கார்புரேட்டர் கழுவியாயிற்று. பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் மாற்றியாயிற்று. பிளக் நான்கும் புதுசு. பாயின்ட் புதுசு. கண்டன்சர் இரண்டு தடவை புதுசு. டேங்க் இறக்கிக் கழுவியாயிற்று. இப்போதைய பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால், அதுதான் காரணம் என்று ஒருவர். வேப்பர் லாக் என்று இன்னொருவர். எல்லோரும் ஏதோ ஒன்றை மாற்றினார்கள். கார் எப்படி நிற்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது நன்றாக ஓடும். நன்றாக ஓடுகிற காரில் மெக்கானிக் எதைக் கண்டுபிடிப்பார்? காய்ச்சல் இறங்கின பிறகு டாக்டரிடம் போய் நிற்பது மாதிரிதான். சூடாகி நின்ற அந்த இருபது நிமிஷத்துக்குள்தான் கோளாறு கண்ணுக்குத் தெரியும். ஆகவே கார் நிற்கும்போது நாம் பக்கத்தில் இருக்க வேண்டும், கையில் ஆயுதத்தோடு இருக்க வேண்டும்.

ஆயுதம் என்றால் ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், ஒரு பழைய பிளக், ஒரு கண்ணாடி பாட்டில், கொஞ்சம் வயர், ஒரு பிளக் ஸ்பானர். மருமகள் லீவு போட்டாள். அவள் ஓட்ட, நான் முன்னால், அத்தான் பின்னால். வரவேண்டாம் என்றால் கேட்கவில்லை. ரயில்வே கேட் இல்லாத வழியாகத் தினமும் ஒரு சுற்று. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒருநாள், கீரிப்பாறை ஏற்றம் ஒருநாள், நாகர்கோவில் நெரிசல் ஒருநாள்.

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: காற்று, பெட்ரோல், தீப்பொறி. காற்று திடீரென்று அடைபட்டு இருபது நிமிஷத்தில் தானாகத் திறப்பது அபூர்வம். மிச்சம் இரண்டு. பழைய டிரைவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. இருமி, குலுங்கி, இழுக்க முடியாமல் மெதுவாகச் சாகிறது என்றால் பெட்ரோல். சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் கரண்ட். இது நூற்றுக்கு நூறு சரியான விதி இல்லை. ஆனாலும் தேடத் தொடங்க நல்ல இடம்.

முதல் நாள் முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் நின்றது. மருமகளிடம் கேட்டேன். "ஒரு ரெண்டு செகண்ட் மிஸ் அடிச்ச மாதிரி இருந்துச்சு மாமா, அப்புறம் சட்னு போயிட்டு" என்றாள். பின்னாலிருந்து அத்தான், "மூணு செகண்டு" என்றார். ஆக இரண்டு அடையாளமும் கலந்துதான் இருந்தது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், எரிந்தது. சாவி சுவிட்ச் வரைக்கும் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். சுவிட்ச் விட்டுப்போயிருந்தால் அந்த விளக்கு எரியாது.

அடுத்து டிக்கியைத் திறந்து பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறும். திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். சத்தம் எதுவும் இல்லை. மூடி நல்ல மூடி.

இப்போது ஈரத்துணி கதைக்கு வருகிறேன். அம்பாசிடர் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். வெயிலில் வண்டி நின்றால் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவார்கள். பெட்ரோல் என்பது ஒரே திரவம் இல்லை, பல திரவங்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதி நாற்பது டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பம்பிலோ குழாயிலோ ஆவி நிறைந்தால், திரவத்துக்காகச் செய்த பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் நிற்கும். அதுதான் வேப்பர் லாக். நம்ம ஊர்ப் பேச்சில் ஏர்லாக். ஹெரால்டில் கார்புரேட்டரும், புகை வெளியேறும் சூட்டுக் குழாயும் ஒரே பக்கம் இருப்பதால் இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். அத்தான் வீட்டு டிரைவர்கள் இரண்டு பேரும் ஈரத்துணி போட்டுத்தான் இத்தனை நாளும் வண்டியைக் கிளப்பினார்கள். "துணி போட்டா ஓடுது சார், அப்போ ஏர்லாக்தானே?" என்றார் ஒருவர்.

என்னிடம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் என் குரல் காதில் விழும். துணி போட்டால் ஓடுகிறது, சரி. துணி போடாவிட்டால்?

அதை யாரும் செய்து பார்க்கவில்லை. எனவே செய்தோம். ஐந்து தடவை கார் நின்றதை நோட்டில் குறித்தேன். மூன்று தடவை ஈரத்துணி போட்டோம். மறுபடி ஸ்டார்ட் ஆக 20, 22, 18 நிமிஷம் ஆயிற்று. இரண்டு தடவை துணி போடாமல் பானெட்டை மட்டும் திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருந்தோம். 19, 21 நிமிஷம். துணிக்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கி, தண்ணீர் தேடி, துணி நனைத்து, போட்டு, காத்திருக்கும் நேரத்தில் பம்ப் மட்டுமா ஆறுகிறது? பானெட்டுக்குள் இருக்கிற எல்லாமும்தான் ஆறுகிறது. காய்ச்சலுக்குக் கயிறு மந்திரித்துக் கட்டி, மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கினால் கயிற்றுக்குப் பெயர் கிடைக்கிற மாதிரி, ஈரத்துணிக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.

அதோடு விடவில்லை. கார் நின்ற உடனே கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டு, பம்பின் கை நெம்புகோலை அடித்தேன். பெட்ரோல் குமிழி இல்லாமல் முழுசாகப் பாய்ந்தது. (இதைச் செய்கிறவர்கள் கவனம். சூட்டுக் குழாய் பக்கம் ஒரு சொட்டு சிந்தக்கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. தீப்பொறி பார்க்கும் சோதனையையும் இதையும் ஒரே நேரத்தில் செய்யவே கூடாது. ஹோஸைத் திரும்ப மாட்டி, பாட்டிலை மூடித் தூர வைத்த பிறகுதான் அடுத்தது.) பெட்ரோல் விடுதலை ஆயிற்று.

மிச்சம் தீப்பொறி. இங்கே கொஞ்சம் பாடம்.

பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். பிளக்கில் பொறி பறக்க ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அதைச் செய்வது காயில். அதற்குள் இரண்டு சுற்று. ஒன்றில் சில நூறு சுற்று, மற்றதில் பல ஆயிரம். முதல் சுற்றில் ஓடும் கரண்ட்டைச் சட்டென்று அறுத்தால், இரண்டாவது சுற்றில் மிகப்பெரிய மின்னழுத்தம் கிளம்பும். பன்னிரண்டாம் வகுப்பு மின்காந்தத் தூண்டல் பாடம்தான் இது. அறுக்கிற கத்தி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட். அது திறக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. நொடிக்கு நூறு தடவை அந்தக் கத்தி திறந்து மூட வேண்டும்.

கரண்ட்டுக்கு ஒரு குணம் உண்டு, ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தினால் சும்மா நிற்காது. பாயின்ட் திறக்கும்போது அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். குதித்தால் பாயின்டில் பொறி பறக்கும். அறுப்பு மழுங்கிப்போகும், பிளக்குக்குப் போக வேண்டிய பலம் பாயின்டிலேயே எரிந்துவிடும். இதைத் தடுக்கத்தான் பாயின்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்டன்சர் வைத்திருக்கிறார்கள். சுண்டுவிரல் அளவு தகரக் குப்பி. அதற்குள் மெல்லிய உலோகத் தாளும் மின்கடத்தாத் தாளும் சேர்த்துச் சுருட்டி வைத்திருக்கும். பாயின்ட் திறக்கும் அந்தக் கணத்தில் கரண்ட்டுக்கு ஒதுங்க ஒரு திண்ணை. அது ஒதுங்குவதற்குள் பாயின்ட் போதுமான தூரம் விலகிவிடும். விலை குறைந்த சாமான், ஆனால் அது இல்லாமல் காயில் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

நான்காம் நாள் கார் நின்றதும், பழைய பிளக்கை காயில் வயரில் மாட்டி, எஞ்சின் இரும்பில் படும்படி கட்டிவைத்து, மருமகளை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னேன். பொறி வந்தது. மஞ்சளாக, மெலிசாக, ஒன்று விட்டு ஒன்று. ஆறின பிறகு பார்த்தால் நீலமாக, 'டக் டக்' என்று சத்தத்தோடு. அடுத்த நாள் நின்றபோது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்டைப் பார்த்தேன். திறக்கும்போதெல்லாம் பளிச் பளிச் என்று வெளிச்சம். பிளக்கில் வர வேண்டிய பொறி பாயின்டில் பறந்துகொண்டிருந்தது. காயில் பலவீனமானால் பாயின்டில் இப்படி எரியாது. விரல் நேராகக் கண்டன்சரைத்தான் காட்டியது.

வேலை செய்த மெக்கானிக் எழுபது வயதுக்காரர். நாகர்கோவிலில் கார்புரேட்டர் வண்டி தெரிந்த மிச்சம் சிலரில் ஒருவர். அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கண்டன்சரு ரெண்டு தடவ மாத்தியாச்சு. ரெண்டும் புதுசு. அதுல ஒண்ணும் இருக்காது" என்றார். நியாயமான பதில். புதுசாகப் போட்ட சாமானை யார் சந்தேகப்படுவார்கள்?

இங்கேதான் அத்தானின் டைரி உதவியது. 1976 முதல் எந்தத் தேதியில் எத்தனை லிட்டர், எந்த வேலைக்கு எவ்வளவு என்று விடாமல் எழுதிவைத்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் கேலி செய்கிற டைரி. நான் அதில் ஒன்றே ஒன்றுதான் பார்த்தேன்: முதல் தடவை நின்றது எப்போது, அதற்கு முன் என்ன செய்தார்கள்? முதல் தடவை நின்றதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு ஒரு வரி. 'பாயின்ட், கண்டன்சர் புதுசு.' அதுவரை கார் ஒருநாளும் நின்றதில்லை. நின்ற பிறகு இரண்டாவது கண்டன்சர் போட்டிருக்கிறார்கள். "அது எங்க வாங்கினது?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "அதே கடை, அதே பெட்டிதான் சார். ரெண்டா வாங்கி வச்சிருந்தேன்."

ஒரே அச்சில் வார்த்த இரண்டு. ஒன்றில் இருக்கும் குறை மற்றதிலும் இருக்கலாம். 'மாற்றிவிட்டோம், ஆகவே அது இல்லை' என்ற முடிவு அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது. ஆனாலும் இது சந்தேகம்தான். நிரூபணம் வேண்டும்.

நிரூபணத்துக்கு மருமகளின் ஹேர் டிரையர் வந்தது. கண்டன்சரை டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளிருந்து எடுத்து, வயர் இழுத்து, காயிலின் பாயின்ட் பக்க முனையில் வெளியே கட்டினோம், உடம்பு எஞ்சின் இரும்பில். மின்சுற்றைப் பொறுத்தவரை இடம் மாறியதே தவிர வேறு வித்தியாசம் இல்லை. எஞ்சின் அப்போதுதான் ஸ்டார்ட் செய்தது, குளிர்ந்த எஞ்சின். ஸ்லோவில் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. ஹேர் டிரையரைக் கண்டன்சருக்கு மட்டும் காட்டினேன். நான்காவது நிமிஷம் மிஸ் அடித்தது. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தான், "அதே சத்தம், அதே சத்தம்" என்றார். எஞ்சின் அணைந்தது.

மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை. தன் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தார். உள்ளே பத்துப் பதினைந்து பழைய கண்டன்சர். "எடைக்குப் போற அம்பாசிடர், ஃபியட்ல இருந்து கழத்தி வச்சது சார். ஓடின சாமான் நம்பலாம். புதுசுன்னா நீங்கல்லாம் சந்தோஷப்படுவீங்கன்னுதான் புதுசு போட்டேன்" என்றார். ஒன்றை எடுத்துக் கட்டினார். பத்து நிமிஷம் ஹேர் டிரையர் காட்டினோம். எஞ்சின் அசையவில்லை. காயிலுக்கும் காட்டினோம், அப்போதும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் உள்ளே பொருத்தினார்.

வாங்குகிறவர் மனசு நோகக்கூடாது என்று கைத்தொழில்காரர் தன் அனுபவத்தை ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. பாட்டிலுக்குள் பதில் இருந்தது. நாம் புதுப் பெட்டியைக் கேட்கிறோம், அதனால் அவர் பாட்டிலைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இப்போது எட்டு வாரம் ஆகிறது. கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. முப்பந்தல் காற்றாடிகள் வரைக்கும் உச்சி வெயிலில் போய்வந்தோம். ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றியாயிற்று. கோளாறு அதில் இல்லை என்றாலும் செய்ய வேண்டிய வேலைதான், பழைய ரப்பரை எத்தனால் கெடுக்கும். உதிரி பாகங்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் பிரியர்களுக்காக இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்பவை பல, ஹெரால்டுக்கும் பொருந்தும்.

பழைய இரும்புக்காரரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம். விற்பதா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அக்காவுக்குப் பயம் போகவில்லை. அவளிடம் நோட்டைக் காட்டி, வாதாடி ஜெயிக்க எனக்கு விருப்பம் இல்லை. தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ரயில்வே கேட் இல்லாத வழியாகத்தான் போக வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். அத்தான் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார். மகனிடமும் சொல்லிவிட்டேன்: "விக்கணும்னா வில்லுங்க மக்கா. எடம் இல்ல, பணம் ஆகுது, ஓட்ட ஆள் இல்லன்னு எந்தக் காரணமும் சொல்லலாம். வயசாச்சு, நின்னுபோகுதுன்னு மட்டும் இனி சொல்லாதீங்க. அந்தக் காரணம் தீந்துபோச்சு."

கடைசியாக, பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

வண்டி தண்டவாளத்தில் நின்றால் முதலில் ஆட்களை இறக்குங்கள், பிறகுதான் வண்டி. தள்ள ஆள் இல்லையென்றால், கியர் வண்டிகளில் முதல் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டு, ஸ்டார்ட்டரை அடியுங்கள். எஞ்சின் ஓடாவிட்டாலும் ஸ்டார்ட்டர் மோட்டாரே பழைய வண்டிகளைச் சில அடி நகர்த்திவிடும். இதை மருமகளுக்குக் காலி மைதானத்தில் பழக்கிவிட்டேன். உங்கள் வீட்டில் ஓட்டுகிறவர்களுக்கும் பழக்கிவையுங்கள். கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் புதுக் கார்களில் இது நடக்காது.

கோளாறு எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் எதைத் தொட்டோம் என்று எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஒரு வைத்தியம் பலித்தால், அந்த வைத்தியம் இல்லாமலும் ஒரு தடவை பாருங்கள். புதுசு என்பதற்காக எதையும் நம்பாதீர்கள், பழசு என்பதற்காக எதையும் தள்ளாதீர்கள்.

நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ மச்சிலோ ஹெரால்டு சாமான் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இன்னும் இடம் இருக்கிறது.